உடன்குடிக் கருப்பட்டிக்கு ஆண்டுச் சந்தா: ஒரு பழைய உறுப்பினரின் அனுபவம்

கொரோனாவுக்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் கடைக் கருப்பட்டி வாங்குவதில்லை. உடன்குடிப் பக்கம், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் பனையேறும் குடும்பம் ஒன்றிடமிருந்து நேரே வருகிறது. பாளையங்கோட்டையில் நாங்கள் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து, பொங்கல் முடிந்த கையோடு அந்தக் குடும்பத்து அண்ணாச்சிக்கு ஆண்டுச் சந்தாவாக முன்பணம் கொடுத்துவிடுவோம். பருவம் தொடங்கியதும் சரக்கு தவணை தவணையாக வரும். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவது அவர் வேலை. எப்படி இருக்கிறது, சேரலாமா என்று பலரும் கேட்பதால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம். பனையேறிகளில் பலருக்குச் சொந்த மரம் கிடையாது. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துத்தான் ஏறுவார்கள். பனையின் பூங்குலையான பாளையைச் சீவி, பதநீர் வடியக் கலயம் கட்டி, முதல் கருப்பட்டி விற்றுக் காசாகும் வரை செலவுக்கு என்ன செய்வது? வியாபாரியிடம் கை நீட்டினால் அவர் சொல்லும் விலைக்கே சரக்கைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த முன்பணத்தை வியாபாரிக்குப் பதிலாக நாங்கள் கொடுக்கிறோம். விலையை அண்ணாச்சி சொல்கிறார். எங்கள் ஏற்பாட்டின் உயிர்நாடி இவ்வளவுதான். போன பருவத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. கடைத்தெருவில் அதில் பாதி விலைக்கும் கருப்பட்டி என்ற பெயரில் ஒன்று கிடைக்கத்தான் செய்கிறது. எட்டுப் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ தேறும். அதற்குக் காலையும் மாலையும் ஒருவர் மரம் ஏற வேண்டும், விறகு வேண்டும், பதம் தப்பாமல் கிண்டிச் சிரட்டையில் ஊற்ற அடுப்படியில் பெண்கள் வேக வேண்டும். பாதி விலைக் கருப்பட்டியில் மீதிப் பாதி சீனிப்பாகு என்று கண்டுபிடிக்க ஆய்வகம் எதற்கு? உடன்குடிக் கருப்பட்டிக்கு, ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடைப் பலகையும் உடன்குடியைச் சொல்கிறது. சரக்கு எந்த ஊர் என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்.

அடுத்தது ருசி. ஒரே குடும்பம், ஏறக்குறைய அதே மரங்கள். ஆனாலும் ஒரு தவணையைப் போல இன்னொன்று இருந்ததில்லை. நல்ல வெயிலில் இறக்கிய சித்திரைச் சரக்கு இறுகி, உடைத்தால் நறுக்கென்று உடையும். கோடை மழை பெய்த வாரத்துச் சரக்கு இளகலாக, கையில் ஒட்டிக்கொண்டு வரும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கோ இங்கே 1987 முதல் தடை. அந்தச் சுண்ணாம்பு ஒரு விரல் கூடிவிட்டால் கருப்பட்டியில் மெல்லிய காரல் தட்டும். சில தவணைகளில் புகை வாசம் தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும், என் மனைவிக்கு ஆகாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் எல்லாத் தவணையும் ஒரே தரத்தில் வேண்டும் என்று இரண்டு பருவம் மல்லுக்கட்டிவிட்டு விலகிப் போனார். அவருக்குச் சீனிதான் சரி, அது ஒன்றுதான் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது.

பழசாகப் பழசாக நிறம் கறுத்து, இனிப்பின் கூர்மை தணியும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய கருப்பட்டியில் போட்ட சுக்குக் காபிக்கு நான் எதையும் விட்டுக்கொடுப்பேன். உளுந்தங்களிக்கும் கார்த்திகைக் கொழுக்கட்டைக்கும் புதுச் சரக்கே போதும்.

தொல்லைகளும் உண்டு. ஐப்பசி அடைமழையில் கருப்பட்டி கசியும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகைக்காட்டினார்கள். கேஸ் அடுப்பு வீட்டில் அதற்கு வழியில்லை. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வெயில் அடிக்கும் நாளில் கொஞ்சம் காட்டி எடுக்கிறோம். அடியில் பொடி மணல் தங்கும் என்பதால் கரைத்து வடிகட்டாமல் எதிலும் சேர்க்கக் கூடாது. கொதிக்கும் பாலில் நேரடியாகப் போட்டால் பால் திரிந்துவிடும், டிகாக்ஷனில் கரைத்துக்கொண்டு பிறகு பால் ஊற்ற வேண்டும். ஒரு முறை கூரியரில் அனுப்பச் சொன்னோம்; பெட்டி நசுங்கி, பாகாக வழிந்து வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் திருச்செந்தூர் போய் வருகிறவர்கள் யாராவது வாங்கி வந்துவிடுகிறார்கள். நுங்கும் தருவாரா என்று சிலர் கேட்கிறார்கள். பதநீருக்காகச் சீவிய பாளையில் காய் எப்படிப் பிடிக்கும்? பனங்கற்கண்டு கொஞ்சம் வரும். பாகைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பண்டம் என்பதால் அதை எப்போது தருவார் என்று கேட்பதையே விட்டுவிட்டோம்.

சர்க்கரை நோய்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லிச் சேர்த்துவிடப் பார்ப்பவர்களை நம்பாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். எங்கள் கணக்கரே மாத்திரை போடுகிறவர், தன் பங்கில் பாதியை மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

இனிச் சேருவது பற்றி. பனை 1978இல் மாநில மரமானது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. மரத்துக்குக் காவல் வந்தது, சரி. ஏறுவதற்கு ஆள்? அண்ணாச்சிக்கு அறுபது நெருங்குகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஆண்டுக்கு ஆண்டு பாட்டத்துக்கு எடுக்கும் மரங்களைக் குறைத்துக்கொண்டே வருகிறார். ஆகவே, யாராவது விலகினால்தான் புதியவருக்கு இடம். சீனித் தரம் தேடிப் போனவரின் இடத்துக்கே அடிதடி. என் மைத்துனருக்கு அது கிடைக்கவில்லை, என் பங்கிலிருந்து அவருக்கு இரண்டு கிலோ போகிறது. முழு விலைக்குத்தான்.