சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர்: பழுது பார்க்கும் மேசைக்கு எது பொருந்தும்?

மின்னணுப் பழுது பார்க்கும் தொழிலில் இறங்குபவர் மல்டிமீட்டருக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியவை, ஈயத்தை (பற்றவைக்கும் உலோகக் கலவையை) உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் ஸ்டேஷனும், சூடான காற்றை வீசி ஈயத்தை உருக்கும் ஹாட் ஏரும் ஆகும். கடையில் கேட்டால் பொதுவாக மூன்று வழிகளைக் காட்டுவார்கள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய, சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடுகிற ‘டூ இன் ஒன்’ முதல் வழி. 936 வகை சால்டரிங் ஸ்டேஷன் ஒன்றையும் 858டி வகை ஹாட் ஏர் ஒன்றையும் தனித்தனியாக வாங்குவது இரண்டாம் வழி. பிட்டுக்குள்ளேயே (பற்றவைக்கும் முனைக்குள்ளேயே) ஹீட்டர் அமைந்த கார்ட்ரிட்ஜ் வகை ஸ்டேஷனையும், குயிக் 861டிடபிள்யூ போன்ற ஆயிரம் வாட் ஹாட் ஏரையும் சேர்த்து வாங்குவது மூன்றாம் வழி. இதற்கு முதல் வழியைவிடப் பல மடங்கு செலவாகும். மூன்றின் விவரத் தாள்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, வெப்பநிலையின் டிகிரியும் காற்றளவின் லிட்டரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கையில் விலை மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. வெப்பம் எங்கே உண்டாகிறது, எந்த வழியாக ஈயத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

முதலில் ஸ்டேஷனின் கைக்கருவியான அயர்னைப் பார்ப்போம். ஜப்பானைச் சேர்ந்த ஹாக்கோ நிறுவனத்தின் 936 ஸ்டேஷனைப் பார்த்துச் சீனாவில் எண்ணற்ற நகல்கள் வந்துவிட்டதால், இன்று 936 என்பது ஒரு மாதிரியின் எண்ணாக இல்லாமல் ஒரு வகையின் பெயராகவே வழங்குகிறது. இவ்வகையில் கைப்பிடியிலிருந்து ஹீட்டர் ஒரு குச்சியைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே குடைவான பிட்டை அதன்மேல் செருகி, உறையைப் போட்டு, மரையை இறுக்குகிறோம். எவ்வளவு இறுக்கினாலும் குச்சிக்கும் பிட்டின் உட்சுவருக்கும் இடையே மெல்லிய காற்று இடைவெளி எஞ்சவே செய்யும். வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் அந்தக் குச்சிக்குள்தான் இருக்கிறது. ஆகவே பிட்டின் நுனி ஒரு பெரிய செம்புப் பரப்பைத் தொட்டுக் குளிரும்போது, அது சென்சாருக்குத் தெரியவரவும் ஹீட்டர் கூடுதலாகத் தரும் வெப்பம் அதே இடைவெளியைத் தாண்டி நுனிக்கு வந்துசேரவும் நேரம் பிடிக்கிறது. ஹாக்கோவின் டி12 வகையிலும், ஸ்பெயின் நாட்டு ஜேபிசி நிறுவனத்தின் சி245 வகையிலும் ஹீட்டர், சென்சார், நுனி ஆகிய மூன்றும் ஒரே குழலாக வார்க்கப்பட்டது போல இணைந்திருப்பதால் இந்தத் தாமதம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இது வேலையில் எப்படித் தெரியும் என்பதற்கு மடிக்கணினியில் சார்ஜர் செருகும் டிசி ஜாக்கை மாற்றும் வேலை நல்ல எடுத்துக்காட்டு. ஜாக்கின் கிரவுண்ட் கால் போர்டின் உள்ளடுக்குகளில் பரந்து கிடக்கும் செம்புத் தகடுகளோடு இணைந்திருப்பதால், நாம் கொடுக்கும் வெப்பத்தை அந்தத் தகடுகள் உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, மின்னணுச் சாதனங்களில் காரீயம் முதலிய நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதிகள் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் நுகர்வோர் சாதனங்களின் போர்டுகளில் காரீயம் இல்லாத கலவையே பெரும்பாலும் பயன்படுகிறது. வெள்ளீயம் 63, காரீயம் 37 விழுக்காடு சேர்ந்த பழைய 63/37 கலவை 183 டிகிரியில் உருகும். புதிய கலவை உருகுவதற்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். 936 வகையில் 350 டிகிரி வைத்து அந்தக் காலைத் தொட்டால், திரையில் 350 என்ற எண் அசையாமல் நிற்கும். ஆனால் ஈயம் பிட் தொட்ட ஓரத்தில் மட்டும் பளபளத்து, மறுபக்கம் மங்கலாகக் கூழ் போலக் கிடக்கும். விக் எனும் செம்புப் பின்னலை வைத்து உறிஞ்ச முயன்றால், ஈயம் பாதியில் உறைந்து விக்கே போர்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடித்து இழுத்தால் பேடும் (போர்டில் கால் பற்றியிருக்கும் செம்புத் திட்டும்) சேர்ந்து வந்துவிடும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது வெப்பநிலையை 420, 450 என்று ஏற்றுவதுதான். ஏற்றியதும் வேலை நடப்பது போலத் தோன்றும். ஆனால் பேஸ்ட் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் ஃபிளக்ஸ்) தன் வேலையைச் செய்யும் முன்பே கருகிவிடும், பிட்டின் இரும்புப் பூச்சு விரைவில் துருவேறி ஈயத்தை ஏற்க மறுக்கும், சிறிய பேடுகள் பிசின் தளர்ந்து பெயரும். அதே காலில் டி12 வகையின் அகலமான கத்தி பிட்டை 350 டிகிரியில் வைத்து, புதிய 63/37 ஈயத்தைச் சற்றுத் தாராளமாக ஊட்டினால், பழைய கலவையோடு அது கலந்து உருகுநிலை தாழ்ந்து, முழு வளையமும் ஒரே நேரத்தில் இளகும். டி12 கார்ட்ரிட்ஜ் 24 வோல்ட்டில் எழுபது வாட் அளவுக்கு இழுக்கும். சி245 பொருத்திய ஜேபிசி சிறிய ஸ்டேஷன்கள் 130 வாட் வரை தரும். மிகக் கனமான சர்வர் போர்டு, இன்வெர்ட்டர் போர்டு போன்றவற்றில் இந்த இரண்டாவதன் கூடுதல் வலிமை தெளிவாகவே தெரியும். அன்றாட மடிக்கணினி, தொலைக்காட்சி வேலைகளில் டி12 தடுமாறும் இடங்கள் குறைவு. அங்கேயும் போர்டை முன்கூட்டியே சூடாக்கும் பிரீஹீட்டரைக் கீழிருந்து கொடுத்தால் போதும்.

அதற்காகக் குடைவான பிட் வகை முழுவதையும் ஒதுக்கிவிட முடியாது. ஹாக்கோவின் எஃப்எக்ஸ்-888டி அதே அடிப்படையில் அமைந்ததுதான். ஆனால் ஹீட்டரின் தரமும் பிட்டின் பொருத்தமும் நகல்களைவிட மேலானவை என்பதால் அந்த இடைவெளியின் குறை வெகுவாகத் தணிகிறது. இரண்டே பொத்தான்களைக் கொண்டு வெப்பநிலையை மாற்றும் அதன் முறை பலரைச் சலிக்க வைத்தது. பின்வந்த டிஎக்ஸ் மாதிரியில் திருகும் குமிழ் வைத்துவிட்டார்கள். ஆம்பிளிஃபயர், எல்ஈடி விளக்கு, மின்வழங்கி போன்றவற்றில் போர்டின் துளைக்குள் காலைச் செருகிப் பற்றவைக்கும் வேலைகளை மட்டும் செய்பவருக்கு இது ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் அசல் 888டி-யின் விலைக்கு நல்ல டி12 ஸ்டேஷன் கிடைக்கும்போது முன்னதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, பயிற்சிக்கூடங்களைத் தவிர. அங்கே முரட்டுக் கைகளுக்குத் தாங்குவதும் பிட்டுகள் மலிவாக இருப்பதும் முதன்மையானவை.

பிட்டின் விலை உண்மையிலேயே ஒரு கணக்குதான். 936 வகையில் பிட் தேய்ந்தால் பிட்டை மட்டும் மாற்றுகிறோம். கார்ட்ரிட்ஜ் வகையில் நல்ல நிலையிலுள்ள ஹீட்டரையும் சேர்த்துத் தூக்கி எறிகிறோம். அசல் சி245 கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலையில் 936 பிட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைக்கும். இருந்தாலும் தாழ்ந்த வெப்பநிலையில் வேலை முடிவதாலும், தாங்கியில் வைத்த உடனே தானாக வெப்பம் குறைந்து பிட் உறங்கும் வசதி இருப்பதாலும் கார்ட்ரிட்ஜின் ஆயுள் நீள்கிறது. டி12-க்கு ஒத்த மலிவான கார்ட்ரிட்ஜ்கள் சந்தையில் தாராளம். தரம் ஏறுமாறாக இருந்தாலும், நாள்தோறும் பயன்படுகிற இரண்டு வடிவங்களை மட்டும் அசலாக வாங்கி, மற்றவற்றை நகலாக வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு எவை என்றால், கத்தி பிட்டும் சாய்வாக வெட்டிய குளம்பு பிட்டும் என்பேன். புதியவர்கள் விரும்பி வாங்கும் ஊசிமுனை பிட் பார்க்கத் துல்லியமாக இருக்குமே தவிர, தொடும் பரப்பு மிகக் குறைவாக இருப்பதால் வெப்பத்தைப் போதிய அளவு கடத்தாது.

கைப்பேசி வேலைக்கு வந்தால் கணக்கு மாறும். அங்கே வலிமையைவிடப் பிடியிலிருந்து நுனி வரையுள்ள தூரம் குறைவாக இருப்பதே பெரிது. நுண்ணோக்கியின் கீழ் கை நடுங்காமல் நிற்க அது உதவும். ஜேபிசியின் சி210, சி115 ஆகியவை இதற்கென்றே மெலிந்தவை. ஜேபிசி ஸ்டேஷன் வாங்க முடியாதவர்களுக்காக, அதே அமைப்புடைய கார்ட்ரிட்ஜ்களை ஏற்கும் ஸ்டேஷன்களைச் சுகோன், ஐஷுன் போன்ற சீன நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கைப்பேசிக் கடைகளில் இன்று அதிகம் தென்படுபவை இத்தகையவையே. யூஎஸ்பி-சியில் இயங்கும் பைன்சில் போன்ற பேனா அயர்ன்கள் வெளியிடப் பணிக்கு நல்ல துணை. மேசைக்கு மாற்று ஆகா.

ஹாட் ஏரில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து மூன்று அமைப்புகள் உண்டு. 852டி வகையில் பெட்டிக்குள் இருக்கும் டயஃப்ரம் பம்ப் காற்றை அழுத்தி அனுப்பும். அழுத்தம் உண்டு, ஆனால் அளவு நிமிடத்துக்கு இருபது சொச்சம் லிட்டர்தான். மேசை அதிரும் அதன் ஓசையைக் கேட்டவர் மறக்க மாட்டார். 858டி வகையில் சிறிய விசிறி கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். அதன் தாளில் நிமிடத்துக்கு 120 லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். குயிக் 861டிடபிள்யூ, அட்டன் எஸ்டி-862டி ஆகியவற்றில் வலிமையான டர்பைன் விசிறி பெட்டிக்குள் இருந்து, குழாய் வழியாகக் காற்றை அனுப்புகிறது. குயிக்கின் தாளிலும் அதே 120 லிட்டர்தான் இருக்கும்.

இரண்டு 120-உம் ஒன்றாகாது என்பது காற்று வெளிவரும் வாயைக் குறுக்கும் நாசிலைப் பொருத்தும்போது வெளிப்படும். நாசில் இல்லாத திறந்த வாயில் 858டி-யும் காற்றை வீசும்; ஐந்து மில்லிமீட்டர் நாசிலை மாட்டியதும் சிறு விசிறியால் அந்த எதிர்ப்பைத் தள்ள முடியாமல் காற்று மெலிந்துவிடும். டர்பைன் அப்போதும் அழுத்தத்தைத் தக்கவைக்கும். காற்று மெலிந்தால் போர்டுக்குப் போகும் வெப்பமும் மெலியும். திரையில் 400 டிகிரி இருந்தும் ஐசி அசையாது. அசையும் வரை பிடித்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் கனெக்டர் உருகும், போர்டு பழுப்பேறிக் கொப்புளமிடும். வெப்பநிலையைக் கூட்டுவதைவிடக் காற்றின் அளவைக் கூட்டுவது போர்டுக்குப் பாதுகாப்பானது என்பதைப் பழுது பார்ப்பவர்கள் தாமதமாகவே உணர்கிறார்கள். அந்த வாய்ப்பையே 858டி வகை தருவதில்லை.

நல்ல ஹாட் ஏரில் வேலை எப்படி முடியும் என்றால், கைப்பேசியின் சார்ஜிங் ஐசியைச் சுற்றிப் பேஸ்ட் வைத்து, காற்றை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே வந்தால், பேஸ்ட் முதலில் நீராய்ப் பரவி, மெல்லப் புகைந்து, பிறகு ஐசியின் ஓரத்தில் ஈயம் திடீரெனப் பளிச்சிடும். அப்போது சாமணத்தால் ஐசியின் மூலையை மயிரிழை தள்ளிப் பார்த்தால், உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை அதைத் தானாகவே பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அப்படி நகர்ந்து திரும்பினால் எல்லாக் கால்களும் உருகிவிட்டன என்று பொருள். திரும்பாமல் தடுமாறினால் ஏதோ ஒரு மூலை இன்னும் உறைந்திருக்கிறது, தூக்கக் கூடாது. சிறு மின்தேக்கிகள் நெருங்கியிருக்கும் இத்தகைய இடத்தில் டர்பைனின் முழு வேகத்தைத் திறந்துவிட்டால் அவை பறந்துபோகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே வலிமையைப் போலவே, காற்றைத் தாழ்ந்த அளவிலும் சீராக வைக்க முடிவதும் முக்கியம்; 861டிடபிள்யூவின் மூன்று நினைவுப் பொத்தான்களில் கைப்பேசிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று, கவசத் தகடு கழற்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

டூ இன் ஒன் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை 936 வகை அயர்னும் 858டி வகை ஹாட் ஏரும் ஒரே மின்வழங்கியில் சேர்ந்தவை. இரண்டின் குறைகளும் அப்படியே இருக்கும், ஒன்று பழுதானால் மற்றதும் பழுது பார்க்கச் சென்றுவிடும். கற்றுக்கொள்பவருக்கும், மாதத்தில் ஓரிரு முறை செட்டாப் பெட்டியைத் திறப்பவருக்கும் போதுமானவை. அந்த விலையே கையிருப்பு என்றால், அதை ஒரு டி12 ஸ்டேஷனில் போட்டுவிட்டு ஹாட் ஏரைச் சில மாதம் தள்ளிப்போடுவது நல்லது; நல்ல அயர்னைக் கொண்டு ஹாட் ஏர் வேலைகளுள் பலவற்றைச் சமாளிக்கலாம், மறுதலையாக முடியாது.

எர்த் விஷயத்தில் மலிவான கருவிகளை நம்பக் கூடாது. பெயரில்லாத சில பெட்டிகளில் உலோகக் கூடோ கைப்பிடியோ எர்த்தோடு இணைக்கப்படாமலே வருகின்றன. சிலவற்றில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் வைக்கப்பட்டிருப்பதால், நிறுத்திய பிறகும் உள்ளே 230 வோல்ட் இருக்கும். கருவியை மின் இணைப்பிலிருந்து பிடுங்கிவிட்டு, பிளக்கின் எர்த் முளைக்கும் பிட்டின் நுனிக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தால், தரமான ஸ்டேஷன் இரண்டு ஓம்களுக்கும் குறைவாகக் காட்டும். காட்டினாலும் கடைச் சுவரின் எர்த் உண்மையிலேயே எர்த்தா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். பழைய கட்டடங்களில் அந்தத் துளை பெயருக்கு மட்டுமே இருப்பது உண்டு. ஹாட் ஏரைச் சுவர் சுவிட்ச்சில் அணைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கைப்பிடியைத் தாங்கியில் வைத்தால் ஹீட்டர் நின்று, காற்று மட்டும் ஓடி, சூடு தணிந்த பின்பே தானாக நிற்கும். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தால் ஹீட்டரின் எஞ்சிய சூட்டைக் கைப்பிடியே வாங்கிக்கொள்ளும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் அந்த மாதிரிக்கு ஹீட்டர், கைப்பிடி, கார்ட்ரிட்ஜ் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இறக்குமதியாளரிடம் 110 வோல்ட் மாதிரியும் கலந்திருக்கக்கூடும் என்பதால் பின்புறத் தகட்டையும் படித்துவிட வேண்டும். 858டி வகையின் திருகு வைத்து இறுக்கும் நாசில்கள் குயிக் 861டிடபிள்யூவின் திருப்பிப் பூட்டும் வாயில் பொருந்தாது. ஆகவே பழைய ஹாட் ஏரிலிருந்து மாறுபவர் நாசில்களுக்கும் சேர்த்தே பணம் எடுத்துவைக்க வேண்டும்.