கிளாட் தேர்வுக்குக் கன்சார்ஷியம் தரும் இலவசத் தாள்கள் போதுமா?

பிளஸ் டூ முடித்துத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க எழுதும் நுழைவுத் தேர்வு கிளாட். அதற்கான டெஸ்ட் சீரிஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால், தேர்வை நடத்துபவர்களே என்ன தருகிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கன்சார்ஷியம் தன் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களை வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கக் கணக்கு தொடங்கியவர்களுக்கு மாதிரித் தாள்களும் உண்டு. காசு வாங்குவதில்லை. ஆனால் எல்லாத் தாளுக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

2020-க்கு முந்தையவை வேறு தேர்வு: 200 கேள்விகள், ஒற்றை வரிப் பொது அறிவு, லத்தீன் சட்டத் தொடர்கள். அவற்றைத் தொடவே வேண்டாம். 2020 முதல் 2023 வரை 150 கேள்விகள். படித்து விடை சொல்லத் தரும் பத்திகளின் தரம் இப்போதைய தேர்வை ஒட்டியே இருக்கும், நேரக்கணக்கு மட்டும் ஒத்துவராது. அவற்றைப் பிரிவு பிரிவாகப் போடலாம். மணி பார்த்து முழுத் தேர்வாக எழுத 2024 முதல் வந்த 120 கேள்வித் தாள்கள்தான் சரி. எண்ணிக்கையில் குறைவு என்பதால் தொடக்கத்திலேயே கரைத்துவிடாமல் கடைசி இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வில் கழுத்தை நெரிப்பது நேரம். 120 கேள்வி, 120 நிமிடம். ஒரு பத்தி சுமார் 450 சொல் என்று வைத்தால், தாள் முழுக்க 9,000 சொல்லுக்குக் குறையாது. நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்குப் பத்திகளுக்கே 45 நிமிடம் போய்விடும். ஓஎம்ஆர் எனும் விடைத்தாளில் வட்டங்களை நிரப்ப ஏழெட்டு நிமிடம். மிச்சத்தில் ஒரு கேள்விக்கு 35 விநாடிகூட முழுசாக இல்லை. வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விடுபவர்கள், ஒரு கேள்வியைத் தாண்டியதை மறந்து வரிசையையே தப்பாக நிரப்பிவிடுவார்கள். ஒரு பத்தி முடிந்ததும் அதன் ஐந்தாறு விடைகளையும் அப்போதே நிரப்புவது பழக்கமாக வேண்டும். வீட்டிலும் ஓஎம்ஆர் தாளை அச்செடுத்துப் பேனாவால்தான் பழக வேண்டும். திரையில் கிளிக் செய்து பழகிய வேகம் தேர்வு அறையில் கைகொடுக்காது.

கன்சார்ஷியம் தாள்களுக்கு ஈடு இல்லாத பகுதி சட்டப் பகுத்தறிவு (லீகல் ரீசனிங்). தாளில் கால்பங்கு இது, 28 முதல் 32 கேள்விகள். வெளிச் சந்தைத் தாள்கள் பல இங்கே சட்ட அறிவையே சோதிக்கின்றன. உண்மைத் தேர்வு பத்தியில் உள்ள விதியை மட்டுமே பொருத்தச் சொல்கிறது. உதாரணத்துக்கு, ‘பெற்றோர் கையெழுத்திட்டால் 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தமும் செல்லும்’ என்று பத்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். 17 வயதுப் பையன் அப்பா கையெழுத்தோடு பைக் வாங்குகிறான். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பான 1903-ஆம் ஆண்டு மொஹோரி பீபீ வழக்கை மனப்பாடம் செய்த மாணவர் ‘செல்லாது’ என்று போட்டு மார்க்கை விடுவார். எதுவுமே தெரியாதவர் பத்தியை நம்பி ‘செல்லும்’ என்று போட்டுப் போவார்.

நடப்பு நிகழ்வுகளில் இந்தத் தாள்கள் கைவிடுகின்றன. போன வருடச் செய்தி இந்த வருடம் வராது. கேள்வி எந்தக் கோணத்தில் வரும் என்று பார்க்க மட்டுமே உதவும். இங்கே பத்தி பின்னணிதான் தரும். விடை பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். அதனால் கேள்வியை முதலில் படித்து, தெரிந்ததைப் போட்டுவிட்டு நகருங்கள். காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மாதாந்திரச் செய்தித் தொகுப்புக்குக் கொடுக்கலாம். கணிதம் 10 முதல் 14 கேள்விகள், பத்தாம் வகுப்பு விகிதம், சதவீதம், பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு குறை விடைப்பட்டியல். ‘இ சரி’ என்றால் ஏன் இ என்று புரிவதில்லை. அதிகாரப்பூர்வ விடையும் வேதவாக்கு இல்லை: 2024 டிசம்பர் 1-ல் நடந்த தேர்வின் விடைகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் சிலவற்றைத் திருத்த உத்தரவானது. ஒரு விடை உறுத்தினால் இரண்டு முறை யோசித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நெகட்டிவ் மார்க்குக்கு அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். தவறுக்கு 0.25தான் போகும். 20 கேள்வியில் ஊகித்து 4 சரியானால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம். நான்கில் ஒரு விடையை நீக்க முடிந்தாலே ஊகம் லாபம்.

தகுதி விவரம் தளத்தில் தெளிவாகவே இருக்கிறது. பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. வயது உச்சவரம்பு இல்லை, பிளஸ் டூ எழுதப்போகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். மதிப்பெண் சமமானால் சட்டப் பகுத்தறிவில் கூடுதல் எடுத்தவர் முன்னால் நிற்பார், அதுவும் சமம் என்றால் வயதில் மூத்தவர். சறுக்குவது இட ஒதுக்கீட்டில்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விதி. தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழ் எல்லா மாநிலத்திலும் செல்லும் என்று எண்ணிப் பிரிவைக் குறிக்காதீர்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கியதும் ஃப்ரீஸ், ஃப்ளோட், எக்ஸிட் என்று மூன்று பொத்தான்கள் வரும். கிடைத்த இடமே போதும் என்பது ஃப்ரீஸ், அதை வைத்துக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது ஃப்ளோட், விலகிவிடுவது எக்ஸிட். கெடுவுக்குள் எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் கைநழுவும்.

திருச்சி தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் கிளாட் எழுதியே ஆக வேண்டும். சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியும் மாநில அரசு சட்டக் கல்லூரிகளும் போதும் என்பவருக்கு, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறது. அவர்கள் இந்தத் தாள்களை அச்சிடும் செலவுகூடச் செய்ய வேண்டியதில்லை.