சுரங்க ஏற்றப்பொறியின் கம்பிவடம்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்ட அதிர்வுகள்

ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமுள்ள உலோகச் சுரங்கம் ஒன்றில், கூண்டைக் கம்பிவடத்தால் ஏற்றி இறக்கும் இரட்டை டிரம் ஏற்றப்பொறியின் பராமரிப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். வடம் அதிர்ந்தால் பழி முதலில் வடத்தின் மீதே விழுகிறது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வடங்களைப் பொருத்தியும் கழற்றியும் பார்த்த அளவில், அதிர்வைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் டிரம்மின் பள்ளங்களும், டிரம்முக்கும் தலைக்கப்பிக்கும் (சுரங்க வாயின் மேலே வடத்தைக் கீழ்நோக்கித் திருப்பும் சக்கரம்) இடையிலுள்ள தூரமும், பொறியை ஓட்டும் வேகமும்தான் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது 38 மி.மீ. விட்டமும், மீட்டருக்குச் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட, ஆறு முக்கோணப் புரிகளால் ஆன லாங் முறுக்கு வடம் (கம்பிகளும் புரிகளும் ஒரே திசையில் முறுக்கப்பட்டது). முன்பிருந்த வட்டப்புரி வடத்தைவிட இது டிரம்மில் படியும் பரப்பு அதிகம் என்பதால், வெளிக்கம்பிகள் தேய்வது கண்கூடாகக் குறைந்திருக்கிறது. அதிர்வில் மட்டும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எடையும் இழுவிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, வடத்தின் இயல்பு அதிர்வெண்ணும், அதாவது உதைத்துவிட்டால் அது தானாக வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதும், ஒன்றாகவே இருக்கும்.

நெடுக்கு அதிர்வை அடித்தளத்தில் நின்றாலே உணரலாம். கூண்டைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு அங்கே இல்லாததால், 4 டன் பளுவை உள்ளே தள்ளியதும் கூண்டின் தரை ஓரடிக்கும் மேல் தாழ்ந்து, மீண்டும் எழுந்து, ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஆடி அடங்கும். கூண்டு மேலே வர வர வடம் குறுகி, இந்த ஆட்டம் வேகமும் விறைப்பும் கொள்கிறது. பழைய கட்டுப்பாட்டில் புறப்படும்போது ஏற்பட்ட குலுக்கல், தைரிஸ்டர் எனும் மின்னணுச் சாதனத்தால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இயக்கத்துக்கு மாறிய பிறகு, முடுக்கத்தைச் சட்டென்று கொடுக்காமல் அந்த இரண்டு வினாடி அளவுக்குப் படிப்படியாக ஏற்றியதும் பெருமளவு மறைந்துவிட்டது. முடுக்கம் சீராக வளரும் நேரத்தை ஓர் அலைவு நேரத்துக்குச் சமமாக வைத்தால் எஞ்சும் ஆட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகும் என்பது ஏட்டிலுள்ள கணக்கு. வடம் மிக நீளமாக இருக்கும் அடித்தளத்துக்கு அதைப் பொருத்தி வைப்பதே சரி, ஏனெனில் முழுப் பளுவோடு புறப்படுவது அங்கிருந்துதான்.

எங்களை அதிகம் வாட்டியது, டிரம்முக்கும் தலைக்கப்பிக்கும் இடையே சாய்வாகச் செல்லும் சுமார் 60 மீட்டர் வடத்தின் பக்கவாட்டு அதிர்வு. டிரம்மில் இணைப் பள்ளங்கள் வெட்டியிருப்பதால், வடம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டுகிறது. ஒவ்வொரு தாண்டலும் வடத்துக்கு ஒரு பக்கவாட்டு உதை. விட்டம் 4 மீட்டராக உள்ள டிரம்மில் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும்போது இந்த உதை வினாடிக்குச் சுமார் 1.27 முறை விழுகிறது. பளுவேறிய சாய்வு வடத்தின் முதல் இயல்பு அதிர்வெண், கூண்டு கீழே இருக்கையில் வினாடிக்கு 1.15 முறை, மேலே வருகையில் 0.95 முறை என்ற அளவில் இருப்பதால், முழு வேகத்தில் இரண்டும் சந்தித்து அதிர்வு பெருகுவதில்லை. ஒரு கட்டத்தில், பாதுகாப்பு கருதி வேகத்தை 6.5 மீட்டராகக் குறைக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் உதையின் எண்ணிக்கை 1.03 ஆக இறங்கி, ஏற்றத்தின் நடுவே வடத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு நேராகப் போய்ப் பொருந்தியது. பொறி அறையிலிருந்து பார்த்தால், நடுப்பகுதியில் வடம் ஒற்றைக் கோடாகத் தெரியாமல் அகன்ற சாம்பல் பட்டையாகத் தெரிந்தது. தலைக்கப்பியின் பள்ள விளிம்பில் புதிய பளபளப்பு ஏறியது. கணக்கை எடுத்து வைத்த பிறகே பழைய வேகம் திரும்பக் கிடைத்தது. வேகத்தைக் குறைப்பது எப்போதும் பாதுகாப்பு என்று கொள்வது சுரங்கத்தில் ஆபத்தான எளிமைப்படுத்தல் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் குளூஃப் பொன் சுரங்கத்தில் எழுந்த இதே வகைச் சிக்கல் 1970-களிலிருந்து ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றிருக்கிறது. வடத்தை டிரம்மில் சுருட்டாமல் உராய்வால் இழுக்கும் கோப்பே பொறியில் இந்தத் தாண்டல் உதை கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியவை வடங்களுக்கிடையே இழுவிசை சமமாகப் பகிரப்படுவதும், கீழே வளைந்து தொங்கும் சமன்வடத்தின் அசைவும்.

தேய்மானம் எங்கே வருகிறது என்பதே அதிர்வின் உண்மையான பதிவேடு. தாண்டல் விழும் இடங்களில் வெர்னியர் வைத்து அளந்தால் விட்டம் குறைவாகக் காட்டும். அறுந்த கம்பிகளும் அங்கேயே கூட்டமாக இருக்கும். டிரம் பக்க முனையில் கால் சுற்று நீளத்தை அவ்வப்போது வெட்டி, தாண்டல் இடங்களை வடத்தின் வேறு பகுதிக்கு நகர்த்துவது எங்களுக்கு நல்ல பலன் தந்த பழக்கம். முழு வேகம் திரும்பிய பின் பொருத்திய வடத்தில் அறுந்த கம்பிகள் குறைவாகவும் சிதறியும் காணப்பட்டன.

தீராமல் இருப்பது அவசர நிறுத்தம். பிரேக் சட்டென்று பிடிக்கும்போது வடத்தில் மாறும் இழுவிசை, அதே வேகக்குறைப்பு மெதுவாக வந்தால் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகிறது. முடுக்கத்தைச் சீரமைத்ததால் இதில் பயன் எதுவும் இல்லை. ஆகவே அப்படிப்பட்ட ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும், கூண்டோடு வடத்தை இணைக்கும் முனைப்பிடிப்பையும் அதற்கு மேலுள்ள முதல் சில மீட்டர்களையும் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்த பின்னரே ஆட்களை ஏற்றுகிறோம்.