சாண்ட்டனா, லெனேசியாவா: ஜோகன்னஸ்பர்க்கில் யார் பணக்காரர்?

பணக்காரர் என்றாலே இங்கே எல்லோரும் சாண்ட்டனைத்தான் காட்டுவார்கள். பங்குச் சந்தை அங்கே, கௌட்ரெய்ன் விரைவு ரயில் நிலையம் அங்கே, என் தம்பியும் அங்கேதான், 20 வருடக் கடனில் வாங்கிய ஃப்ளாட்டில். வீட்டுக் கடன், கார் தவணை, மாதாமாதம் லெவி என்கிற ஃப்ளாட் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஒரு மாதம் சம்பளம் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

என்னைக் கேட்டால் லெனேசியாவில் இருக்கும் பெரியம்மாதான் பணக்காரர். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களை ஒதுக்கித் தள்ளிய இடம்தான் அது, ஆனால் வீடு சொந்தம், கடன் இல்லை, கூரையில் சோலார், கொல்லையில் கறிவேப்பிலை, அப்புறம் பின்கட்டு அறைக்கு வாடகை வேறு. மின்வெட்டு என்றால் தெருவே போனை சார்ஜ் செய்ய அங்கே வந்துவிடும். சாண்ட்டனுக்கு வேலைக்குப் போக தூரம்தான், சரி.