கொல்லையில் கொட்டகை: கீற்றா, தகரமா, ஆஸ்பெஸ்டாஸா, ஓடா?

பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டுக் கொல்லையில் 12க்கு 10 அடியில் ஒரு கொட்டகை போட்டேன். விறகு, தேங்காய் மட்டை, மண்வெட்டி, கடப்பாரை, ஒரு சைக்கிள் எல்லாம் அதற்குள். பக்கத்திலேயே ஆடு கட்ட ஒரு சாய்ப்பு. கொத்தனார், ஆசாரி யாரும் இல்லை. நானும் தம்பியும்தான். மேலே என்ன போடுவது என்று முடிவு செய்யத்தான் ரொம்ப நாள் ஆனது. ஆள் வைத்துக் கட்டுகிறவருக்குச் சரியாக வருவது தானே கட்டுகிறவருக்குச் சரியாக வராது. அறுப்பதும் துளை போடுவதும் நாம்தான், நாளைக்கு ஒழுகினால் மேலே ஏறுவதும் நாம்தான்.

அதனால் ஆஸ்பெஸ்டாஸை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். விலை மலிவு, துருப்பிடிக்காது, கடையில் உடனே கிடைக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் அளவுக்கு அறுக்கும்போதும் போல்ட்டுக்குத் துளை போடும்போதும் பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. அந்தத் தூசியை மூக்குக்கு நேராக வாங்கப் போகிறவர் ஷீட்டை அறுக்கிறவர்தான். கூடவே 10 அடி ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் கனக்கும். தென்னைக்குக் கீழே போட்டால் ஒரு நெற்று விழுந்தாலும் உடையும், உடைகிற இடத்தில் மறுபடியும் அதே தூசி. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை அறுக்காமல், உரசிக் கழுவாமல் அப்படியே விட்டு வையுங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

ஓடு அழகு, குளிர்ச்சி. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அந்தச் சிவப்பு ஓடு இன்றும் பழைய வீடுகளை இடிக்கிற இடத்தில் கிடைக்கிறது. ஆனால் கனம் அதிகம், ஓடு உட்காருகிற ரீப்பர் கட்டைகள் ஒரே இடைவெளியில் நூல் பிடித்தாற்போல் வர வேண்டும். அது ஆசாரி கை. விறகுக் கொட்டகைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

மிச்சம் கீற்றும் தகரமும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

கீற்றுக்குத் தோப்பிலேயே பொருள் இருக்கிறது. விழுந்த மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் சில நாள் ஊறப் போட்டு, ஈரத்தோடு முடைய வேண்டும். காய்ந்த மட்டையை முடைந்தால் ஓலை மடிகிற இடத்தில் முறியும், அந்த முறிவில்தான் முதல் ஒழுகல் வரும். எங்கள் அத்தை முடைகிறபோது பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஓலையையும் மடக்கிய பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தித்தான் அடுத்ததை எடுப்பார். அப்புறம் சரிவு. 10 அடி அகலத்துக்கு முகடு குறைந்தது 4 அடியாவது உயர வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் ஓடாமல் ஓலையிலேயே நின்று மக்கிவிடும். சித்திரை வெயிலிலும் உள்ளே உட்காரலாம், மழைச் சத்தம் கேட்காது. ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். தீ இன்னொரு பயம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடக் கீற்றில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கீற்றுக்குக் கீழே அடுப்பு வைக்காதீர்கள், கரண்டு வயரையும் அதன்மேல் ஓட்டாதீர்கள்.

தகரம் என்று நான் சொல்வது இப்போது வருகிற அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டை. 12 அடி நீள ஷீட் 4 எடுத்தால் எங்கள் அளவுக்குப் போதும், இரு பக்கமும் ஓரடி இறவாணமும் கிடைக்கும். ஒன்றின் எடை 20 கிலோவுக்குள்தான், இரண்டு பேர் தூக்கிவிடலாம். 10 அடிக்கு ஒன்றரை அடி இறக்கம் கொடுத்தோம். முழு வேலையும் ஒரே நாளில் முடிந்தது. ஸ்க்ரூவை முடுக்கும்போது கையில் அளவு வேண்டும். தலைக்குக் கீழே இருக்கிற ரப்பர் வாஷர் லேசாக விளிம்பில் பிதுங்கியதும் நிறுத்த வேண்டும். இன்னும் முடுக்கினால் ரப்பர் கிழியும், குறைத்து விட்டால் தண்ணீர் இறங்கும். துளையிலிருந்து விழுகிற இரும்புத் தூளை அன்று மாலையே துடைப்பத்தால் கூட்டிவிடுங்கள். எங்களுடையதில் ஒரு மூலையை விட்டுவிட்டோம், ஒரு மழைக்கே அங்கே செம்புள்ளி செம்புள்ளியாகத் துரு பிடித்தது.

தகரத்தின் குறை வெயில். பகல் 2 மணிக்கு உள்ளே நிற்க முடியாது. விறகுக்கு அது நல்லது, ஆட்டுக்கு ஆகாது. சிலர் தகரத்தின் மேலேயே கீற்றைப் பரப்புகிறார்கள். சூடு குறையும்தான், ஆனால் மழைக்காலத்தில் ஈர ஓலை ஸ்க்ரூத் துளையின் மேல் வாரக்கணக்கில் கிடந்து துருவை வரவழைக்கும். பரப்பினாலும் ஐப்பசிக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

காற்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது எங்கள் தோப்பில் நின்ற மரங்களைவிட விழுந்தவை அதிகம். கீற்று பறந்தால் கீற்றோடு போகும். தகரம் பறந்தால் ஆளை வெட்டும். அதனால் கூரைக்குச் செலவழிப்பதைவிடக் காலுக்குச் செலவழியுங்கள். கீற்றுக்குச் சவுக்குக் கால் போதும், மண்ணுக்குள் போகிற பகுதியைச் சுட்டுத் தார் பூசினால் கரையான் ஏற நாளாகும். தகரத்துக்கு இரும்புக் குழாய், இரண்டரை அடி ஆழக் குழி, சுற்றிலும் கான்கிரீட். நான் இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

கடைசியில் விறகுக் கொட்டகைக்குத் தகரம், ஆட்டுச் சாய்ப்புக்குக் கீற்று என்று முடித்தோம். புயல் எச்சரிக்கை வந்தால் கீற்றின் மேல் பழைய மீன்வலையை விரித்து, நான்கு மூலையையும் முளைக்குச்சியில் இழுத்துக் கட்டிவிடுகிறோம். வலை சேதுபாவாசத்திரம் கடற்கரையில் வாங்கியது. மற்ற நாளில் அது தகரக் கொட்டகைக்குள் சுருட்டிக் கிடக்கும்.