ஃபிளாப்பியைத் திருப்பிப் போடுவதா, இருபக்க டிரைவா: எது நம்பகமானது?

உறைக்குள் சுழலும் காந்த வட்டான ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் இரு பக்கங்களையும் பயன்படுத்த அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டு ஹெட் (வட்டில் எழுதிப் படிக்கும் முனை) கொண்ட டிரைவில் இருபக்க ஃபிளாப்பியை இட்டு, திருப்பாமலேயே 360 கிலோபைட் பெறுவது ஒன்று. ஆப்பிள் டூ, கமடோர் 1541 போன்ற ஒற்றை ஹெட் டிரைவ்களுக்காக எழுத அனுமதிக்கும் சதுர வெட்டை உறையின் மறு ஓரத்திலும் போட்டு, ஃபிளாப்பியைத் திருப்பிச் செருகுவது மற்றொன்று.

பின்னதில் பக்கத்துக்கு ஆப்பிளில் 140, கமடோரில் 170 கிலோபைட் கிடைத்தது. ஒருபக்க ஃபிளாப்பிகளிலும் பெரும்பாலும் இருபுறமும் காந்தப் பூச்சு இருந்ததால், வெட்டிய அன்றே அவை ஒழுங்காகப் பதிவு செய்தன. மறுபக்கத்துக்குத் தயாரிப்பாளர் உறுதி தரவில்லை, அவ்வளவே.

ஆனால் ஒற்றை ஹெட் டிரைவில், ஹெட்டுக்கு எதிரே ஒரு ஃபெல்ட் பட்டை வட்டை அழுத்திப் பிடிக்கிறது. திருப்பிப் போட்ட ஃபிளாப்பியில் ஒரு பக்கத்தைப் படிக்கும் போதெல்லாம் அந்தப் பட்டை மறுபக்கத்துப் பதிவின்மேல் உரசுகிறது. வட்டும் எதிர்த்திசையில் சுழல்வதால், உறையின் உள்துணி அதுவரை துடைத்துப் பிடித்து வைத்திருந்த தூசி மீண்டும் வெளியே வரக்கூடும். மதுரை மாசி வீதிகளில், சித்திரை வெயிலுக்குச் சன்னலைத் திறந்தே வைத்திருந்த பயிற்சி மையம் ஒன்றில் நான் பணியாற்றினேன். பட்டையில் புழுதி ஏறி, அது உப்புத்தாளைப் போல வட்டைக் கீறியதை நேரில் கண்டிருக்கிறேன்.

இருபக்க டிரைவில் பட்டை இல்லை, சுழற்சியும் மாறுவதில்லை. என் அனுபவத்தில் அதுவே நீடித்தது. அதற்கும் ஒரு குறை உண்டு: பிசியின் இயங்குதளமான டாஸ் ஒரு கோப்பை இரு பக்கங்களிலும் மாற்றி மாற்றி எழுதுவதால், ஒரு பக்கம் கெட்டாலும் பெரிய கோப்பு முழுவதும் சிதையும். திருப்பிப் போட்டதில் ஒரு பக்கம் போனாலும் மற்றது தனியே பிழைக்கும்.

மீட்பதிலோ திருப்பிப் போட்டவையே கடினம். திருப்பினால் வட்டின் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தையும் காட்டும் குறியீட்டுத் துளை (index hole) டிரைவின் உணர்வியின் எதிரே வராது. ஆகவே பிற்காலப் பிசி டிரைவ்கள் பல அவற்றைப் படிக்க மறுக்கின்றன.

இருபுறமும் வெட்டுள்ள ஃபிளாப்பி கிடைத்தால், முதலில் தவறியும் எதுவும் எழுதப்படாதபடி இரண்டு வெட்டுகளையும் ஒட்டுத்தாளால் மூடி, ஐப்பசி ஈரத்தில் பிடித்த பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, ஹெட்டையும் பட்டையையும் சுத்தம் செய்த பின்பே செருகுங்கள்; ஒவ்வொரு பக்கத்தையும் முதல் வாசிப்பிலேயே முழுமையாகப் பிரதி எடுத்துவிடுங்கள்.