பல்லத்தூரில் ஒரு பழைய ரேவாவுக்குப் புது பேட்டரி: ஆடி மாதப் பயண அனுபவம்

ஊருக்குப் போனால் ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். போன தடவை கூரை ஓடு மாற்றுவது. இந்த ஆடியில் அப்பச்சியின் கார். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா.

கார் என்றால் ரேவா. 2008 மாடல், மின்சார வண்டி. பெங்களூரில் ஆச்சி, அதாவது அக்கா, வாங்கி ஓட்டி, பிறகு அப்பச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கதவு, முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் சின்னப் பிள்ளைகள் மட்டும். நான் லண்டனுக்குப் போன புதிதில் இதே வண்டி அங்கே ஜி-விஸ் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் செய்த வண்டி லண்டன் தெருவில் போவதைப் பார்த்து அப்பச்சிக்குப் போன் செய்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வண்டி மேல் எனக்கும் அப்பச்சிக்கும் இருக்கிற ஒட்டுதல் அப்போது தொடங்கியது.

பல்லத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் போய்வர ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வங்கி, மருந்து, சந்தை எல்லாவற்றுக்கும் அப்பச்சி அதில்தான் போவார்கள். நான் போய் இறங்கியபோது வண்டி கானாடுகாத்தான் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் சார்ஜ் மீட்டர் சிவப்பில் நின்றது. வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அப்பச்சிக்கு 76 வயது, கியர் இல்லாத இந்தச் சின்ன வண்டிதான் அவர்கள் கைக்குப் பழகியது. 15 வருடம் முடிந்து 2023-ல் ஆர்சி புத்தகத்தையும் 5 வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. விற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பெருநகரத்தில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வண்டியில் இருக்கிற ஈய-அமில பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றித் தருகிறோம், 2,85,000 ரூபாய், பாதிப் பணம் முன்பணம் என்றார்கள். வண்டியைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். ரேவா என்றால் எல்லாம் ஒன்றுதான் சார், பணம் போட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. எந்த பேட்டரி கெட்டது, ஏன் கெட்டது என்று பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

லண்டனிலிருந்தே லித்தியம் பேட்டரி செல் வாங்கிக்கொண்டு வரலாமே என்று நண்பர் ஒருவர் முன்பு சொல்லியிருந்தார். அது நடக்காது. விமானத்தில் 100 வாட்-மணிக்கு மேல் போனால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-க்கு மேல் இருந்தால் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. காருக்குப் போடுகிற 200 ஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்றே 640 வாட்-மணி.

அடுத்து பக்கத்தில் ஒரு கடை. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி நான்கைப் போட்டால் 48 வோல்ட் வந்துவிடும், 60,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்றார்கள். கணக்கு சரிதான், ஆனால் ரேவாவில் பேட்டரி இருப்பது முன் சீட்டுக்குக் கீழே. உயரமான டியூபுலர் அந்த இடத்தில் உட்காராது. தவிர, 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது மெதுவாக 20 மணி நேரம் எடுத்தால், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. கார் மேட்டில் ஏறும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது கிடைப்பது அந்த அளவுக்கு வெகு கீழே. இன்வெர்ட்டருக்கு நல்ல பேட்டரி காருக்கு நல்ல பேட்டரி ஆகாது. பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து இந்த வழியில் போகாதீர்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

சரியான ஆள் கிடைத்தது ஆத்தா மூலமாக. காரைக்குடியில் ஆத்தா கண் பரிசோதனைக்குப் போகிற ஆஸ்பத்திரியில் நடக்க முடியாதவர்களை ஏற்றிப் போக ஒரு பேட்டரி கார் உண்டு. அதைப் பராமரிக்கிற தம்பி யார் என்று ஆத்தா டிரைவரிடம் கேட்டு நம்பர் வாங்கிவந்தார்கள். யோசித்துப் பார்த்தால் இதுதான் நேரான வழி. கோயிலிலும் ஆஸ்பத்திரியிலும் பெரிய ஹோட்டலிலும் ஓடுகிற பேட்டரி கார்களில் பலவற்றில் இருப்பது ரேவாவில் இருக்கிற அதே ஜாதி: 6 வோல்ட், டீப் சைக்கிள் (வெகுவாக இறக்கி மறுபடி ஏற்றினாலும் தாங்குகிற), ஈய-அமில பேட்டரி. எட்டு சேர்ந்தால் 48 வோல்ட். ரேவா மெக்கானிக் நம் பக்கம் இல்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை, பேட்டரி கார் பார்க்கிறவர் போதும்.

தம்பி போனில் விலை சொல்லவில்லை. "அண்ணே, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு வைங்க. காலையில கழட்டிட்டு ரெண்டு மணி நேரம் சும்மா விடுங்க. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் சாமான் பையோடு வந்தார். முதல் வேலையாக என் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றச் சொன்னார். ஸ்பேனர் இரண்டு முனையில் பட்டால் 48 வோல்ட் என்றாலும் கம்பி பழுக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்று கொட்டகைக் கதவு இரண்டையும் திறந்துவைத்தார். ஆத்தா சாம்பிராணிச் சட்டியோடு வந்தவர்கள் அப்படியே வீட்டு முற்றமான வளவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

சீட்டைக் கழற்றி எட்டு பேட்டரிக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டார். மல்டிமீட்டர் வைத்தால் எட்டும் 6.2-லிருந்து 6.4 வோல்ட் காட்டின. எனக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரிந்தது. பிறகு, வண்டி ஓடும்போது இழுப்பது போலக் கரண்டை இழுத்துப் பார்க்கிற லோடு டெஸ்டரை மாட்டினார். அதற்குள் இருக்கிற சுருள் கம்பி சிவக்கச் சிவக்க 1, 4, 7 மூன்றும் 4.7 வோல்ட்டுக்கு இறங்கின. ஓய்வில் பார்க்கிற வோல்ட்டை நம்பவே கூடாது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. ஒரு பேட்டரிக்கு மூன்று செல், மொத்தம் 24 செல். ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தி பார்த்து எழுதினார். நல்ல செல்லில் 1.270, கெட்டதில் 1.130. கெட்ட மூன்றிலும் உள்ளே இருக்கிற ஈயத் தட்டு வெளியே தெரிந்தது. தண்ணீர் வற்றியிருக்கிறது. மூன்றுமே கை போகாத மூலையில் இருந்தவை. போன வருடம் அப்பச்சி படுத்திருந்த நான்கு மாதத்தில் தண்ணீர் ஊற்றிய பையன் கைக்கு எட்டியதற்கு மட்டும் ஊற்றியிருக்கிறான். காரணம் தெரிந்தது பெரிய நிம்மதி. இல்லாவிட்டால் புது பேட்டரிக்கும் இதே கதிதான்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். 4-க்கும் 5-க்கும் நடுவில் உள்ள கேபிளின் லக், அதாவது முனையில் மாட்டுகிற உலோக வளையம், கருகியிருந்தது. நட்டு தளர்ந்து, அங்கே சூடாகி, சக்தி வீணாகியிருக்கிறது. பெருநகரத்துக்காரர்கள் சொன்னபடி லித்தியம் போட்டிருந்தால் இந்தக் கேபிளையும் அப்படியே மாட்டியிருப்பார்களோ என்னவோ.

மூன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டேன். எட்டும் வரிசையாக இணைந்தவை, ஒரே கரண்ட்தான் எல்லாவற்றிலும் ஓடும் என்று விளக்கினார். ஓட்டும்போது பழையது முதலில் காலியாகி வண்டியை நிறுத்தும். சார்ஜ் போடும்போதும் பழையதும் புதியதும் ஒன்றுபோல நிறையாது. ஆறு மாதத்தில் புதியதும் பழையதாகிவிடும். மற்ற ஐந்தில் மூன்று நடுத்தரம், இரண்டு மட்டும் உண்மையில் நன்றாக இருந்தன. எட்டையும் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

லித்தியமும் நல்ல யோசனைதான், அதை மறுக்கவில்லை. பாதி எடைகூட இருக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெகு நாள் வரும். ஆனால் ரேவாவின் சார்ஜர் ஈய-அமிலத்துக்காகச் செய்தது. 16 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 58.4 வோல்ட்தான் உச்சம். பழைய சார்ஜர், எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரப் போடுகிற சமன் செய்யும் சார்ஜில், அதைத் தாண்டிப் போகலாம். ஆகவே சார்ஜர், செல்களைக் கண்காணித்துக் காக்கிற பிஎம்எஸ், மீட்டர் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க வேண்டும். தினமும் 25 கிலோமீட்டர் போகிற 76 வயதுக்காரருக்கு அது தேவையில்லை என்று நினைத்தேன். 40 வயதுக்காரர் தினம் 60 கிலோமீட்டர் ஓடுகிறார் என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து அப்பச்சி சிக்ரி கதையை ஆரம்பித்தார்கள். காரைக்குடியில் பேட்டரி பற்றிப் பேச்சு வந்தால் அது வராமல் போகாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பேட்டரி அதன் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது பொதுமக்களைப் பார்க்க விடுகிற நாளில் உள்ளே போய் ஈயத் தகடு சல்பேட் பிடிப்பதை வெட்டிவைத்துக் காட்டியதைப் பார்த்ததாகத் தம்பி சொன்னார். "அன்னைக்குத்தாண்ணே இந்த வேலைல ஆசை வந்துச்சு." அப்பச்சிக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம், சாப்பிடாமல் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

பேட்டரி மதுரையிலிருந்து பார்சல் லாரியில் வந்தது. ஒரே பேட்ச், தயாரித்து இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதலில் வந்ததில் இரண்டு வேறு மாதத்தது. திருப்பி அனுப்பி, சரியானது வர ஆறு நாள் ஆயிற்று. நடுவில் மாதாந்திர பராமரிப்பு என்று ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் கிடையாது. லீவில் வருகிறவர்கள் இந்த மாதிரி வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் பேட்டரியின் நம்பரும் தேதியும் எழுதி வாங்குங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு வீட்டில் இருக்கிற பெரியவர்கள் கையில் அது ஒன்றுதான் இருக்கும்.

மாட்டுவதற்கு முன் கருகிய லக்கையும் கேபிளையும் மாற்றி, பேட்டரி உட்காருகிற தட்டு முழுவதையும் சோடா மாவு கரைத்த வெந்நீரில் கழுவி, முனைகளுக்கு வாசலின் தடவினார். கொட்டகையில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கின் எர்த்தையும் சோதித்தார். பழைய வீடு, எர்த் பலவீனம். அதற்குத் தனியாக எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம்.

செலவு கேட்பீர்கள். பேட்டரி ஒன்று வரியோடு 14,800, எட்டுக்கு 1,18,400. கேபிள், லக் 3,200. சோதித்ததற்கும் மாட்டியதற்கும் கூலி 6,000. பழையதில் ஆறை எடைக்குப் போட்டோம், 168 கிலோ, கிலோ 95 வீதம் 15,960 கழிந்தது. ஆக 1,11,640 ரூபாய். பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்தது தம்பியின் பிடிவாதம். ஆசிட்டைத் தெருவில் கொட்டி ஈயத்தை உருக்குகிறவர்கள் கைக்குப் போகக் கூடாது என்றார்.

எட்டில் ஆறுதான் போட்டோம் என்றேன் அல்லவா, நன்றாக இருந்த இரண்டும் வீட்டில் இருக்கின்றன. ஆறும் ஆறும் பன்னிரண்டு. பின்கட்டில் இருந்த இன்வெர்ட்டரின் பேட்டரி ஏற்கனவே செத்துப் போயிருந்தது, அந்த இடத்தில் இவை இரண்டையும் இணைத்துவிட்டார். இப்போது இரவில் கரண்ட் போனால் இரண்டு ஃபேனும் வளவு விளக்கும் ஓடுகின்றன.

புது பேட்டரியை முதல் பத்து சார்ஜுக்குப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னாலேயே கொஞ்சம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் ஒரு தடவை போனாலும் கெடுதல். மூலையில் இருக்கிற மூன்றுக்கும் எட்டுகிற மாதிரி நீளக் குழாய் வைத்த புனல் ஒன்றை அவரே செய்து கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அப்பச்சி ஓட்ட, ஆத்தா முன்னால் உட்கார, நான் பின்னால் மடங்கி உட்கார்ந்து காரைக்குடிக்குப் போய்வந்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது மீட்டர் பாதிக்கு மேலேயே நின்றது.

கொட்டகைச் சுவரில் 1-லிருந்து 8 வரை கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். மாதம் முதல் தேதி அப்பச்சி ஹைட்ரோமீட்டர் வைத்து எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். இந்த மாதம் வந்ததில் எல்லாம் 1.265-க்கு மேல். கீழே எழுதியிருந்தார்கள்: "7-ல் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊற்றிவிட்டேன்."